கை விரித்தல்

ரோஸ் பெல் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன்.
நாலு வருஷம். இடது முன்சக்கரம் கீச்சிடும்
மூன்றாம் நம்பர் வண்டி என்னுடையது.
எக்ஸ்ரே அறைக்குத் திரும்பும் மூலையில்
எல்லோரும் ஒருமுறை கண்ணைத் திறப்பார்கள்.
அங்கே கூரை விளக்கு எரிவதில்லை.

போனில் இரண்டு கடிதங்கள்.
ஒன்று மருத்துவக் கல்லூரி: ஆறு வருஷம்,
பிணவறை, மருந்துகள், இரவு டியூட்டி,
பெயருக்கு முன்னால் ஒரு சொல்.
மற்றது லியோனில் ஆஸ்டியோபதி: ஐந்து வருஷம்,
எலும்பு, தசை, சவ்வு, விரல்நுனி,
பெயருக்குப் பின்னால் ஏதோ இரண்டு எழுத்து.
பாங்க்கில் மிஸியே அப்பாடு
முதல் கடிதத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டார்.
மற்றதை, சூடான தட்டு மாதிரி,
ஓரத்தைப் பிடித்துத் திருப்பித் தந்தார்.

இன்றிரவு பன்னிரண்டுக்குள் ஒன்றைத் தொடவேண்டும்.

ஜோசியான் என்றொரு தையல்காரி.
மூன்று வருஷம் அவளைத் தள்ளியிருக்கிறேன்,
எக்ஸ்ரே, ஸ்கேன், மறுபடி எக்ஸ்ரே.
எல்லாம் சரி என்றது காகிதம்.
மோ லெதோ பே ஃபெர்மால் என்றாள் அவள்,
முதுகு வலிக்கிறது, முதுகு வலிக்கிறது,
திரையிலிருந்து முகம் எடுக்காமல்
டாக்டர் கையை விரித்தார்.
நம் மொழியில் அதற்கு ஒரே அர்த்தம்.

பிறகு கூர்ப்பிப்பில் ஓர் ஆஸ்டியோபாத்.
மழை பெய்துகொண்டிருந்ததாம், அங்கே எப்போதும் போல.
அவரும் கையை விரித்தாராம்
அவள் முதுகின் மேல்,
முக்கால் மணி நேரம், பேசாமல்,
பக்கத்து அறையில் யாரோ முனகுவதை
ஒட்டுக் கேட்பவர் மாதிரி.
ஜோசியான் இப்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறாள்.
என்னைப் பார்த்தால் கையசைக்கிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால்
நான் லியோனுக்குப் பெட்டி கட்டியிருப்பேன்.

அதே கூர்ப்பிப். அதே மேசை. அதே விரல்கள்.
செல்லன் மூத்தியேன், கரும்பு எடைமேடைக் குமாஸ்தா.
மூன்று முறை போனாராம், இதமாக இருந்ததாம்.
அதற்கு முன்பே சுகாதார நிலையத்தில்
நின்ற வாக்கிலேயே மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
ஜூலையில் ஒரு செவ்வாய், வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்க,
நாற்காலியோடு சரிந்தார்.
வண்டியில் ஏற்றும்போது
என் முழங்கை அவர் வயிற்றில் பட்டது.
உள்ளே இரண்டாவது இதயம் ஒன்று துடித்தது.
ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.
ஓடினேன்.
அந்த இருட்டு மூலையில் அவர் கண் திறக்கவில்லை.

பெருந்தமனி வீங்கியிருக்கிறது, என்றார் டாக்டர் ஜுகூ,
கையுறையை உரித்துக்கொண்டே,
யாராவது வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.
யாராவது.

கைராசி என்பார்கள் எங்கள் வீட்டில்.
ராசிக்காரக் கை என்றால் பிழைப்பானாம்.
அதை எந்த வருஷம் சொல்லித்தருகிறார்கள் என்று
இரண்டு பாடத்திட்டத்திலும் தேடினேன்.
முதலாவதில், இரண்டாம் வருஷம்,
தொட்டறிதல்: ஒன்பது மணி நேரம்.
சிரித்துவிட்டேன்.
ஒரே இரவில் நான் அதைவிட அதிகம் தொடுகிறேன்,
ஒன்றும் அறியாமல்.

லியோனில் முதல் வருஷமே தொடலாம்.
தொட்டபின் கத்தியோ ரத்தமோ வேண்டுமென்றால்
இன்னொருவருக்குச் சீட்டு எழுதவேண்டும்.
எழுதத் தோன்றவேண்டும், முதலில்.

பதினொன்று நாற்பது. நாலாம் வார்டிலிருந்து மணி.
லிஃப்டுக்குள் வண்டியை நுழைத்துவிட்டு
போனை எடுத்தேன்.
லட்சியம் கிட்சியம் ஒன்றுமில்லை.
முழங்கையில் பட்ட அந்தத் துடிப்பு.
அடுத்த முறை அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும்,
அவ்வளவுதான்.

முதல் கடிதத்தைத் தொட்டேன்.
சானிடைசர் ஈரம், திரை என் விரலை ஏற்கவில்லை.
சட்டையில் துடைத்து,
உள்ளங்கைகளை ஊதி, தேய்த்துச் சூடாக்கி
மறுபடி தொட்டேன்.
உறுதியா என்று கேட்டது. ஆம் என்றேன்.
லியோன் கடிதத்தை அழிக்கவில்லை.

நாலாம் வார்டில் ஒரு பையன், குடல்வால்,
வயிற்றைப் பொத்திக்கொண்டு கிடந்தான்.
தோளைப் பிடித்து வண்டிக்கு மாற்றினேன்.
கை சூடாக இருக்கிறதே என்றான்.